பன்னிரண்டு பன்னிரண்டு ஒன்று

நம் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் காலையில் வருவதெல்லாம் பூப்போட்ட வணக்கமும் முட்டிவலிக்குக் கைவைத்தியமும்தான். நேற்று அதில் ஒரு குரல் வந்தது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெஞ்சுக்காரியின் குரல். அவள் பேத்தி பத்தாவது படிக்கிறாளாம். கணக்கு நன்றாகத் தெரியுமாம். ஆனால் பரீட்சைக்குப் பரீட்சை மைனஸ் காணாமல் போகிறது, ஆறைப் பார்த்துப் பூஜ்யம் எழுதிவிடுகிறாள், விட்டம் கேட்டால் ஆரம் போடுகிறாள். டியூஷனில் அதற்கு 'சில்லி மிஸ்டேக்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். கடைசியில் பெருமூச்சு விட்டுக்கொண்டே சொன்னாள்: "என்ன செய்யச் சொல்றீக? எங்க வம்சத்துக்கே கவனம் பத்தாது. விதி அம்புட்டுத்தான்."

நீங்கள் எல்லாரும் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு மாவரைக்கப் போய்விட்டீர்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இன்று காலை வரை அது இறங்கவில்லை. குரலில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு முழுதாகப் படியுங்கள்.

நாம் பத்தாவது படித்த அந்த வருஷத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெரு விஸ்வநத்தம் போகிற பாதையில் இருந்தது. அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள். அப்பா இல்லை. சாயங்காலமும் லீவு நாளும் எங்கள் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவோம். அது அட்டைப்பெட்டி வருவதற்கு முந்தைய காலம். அப்பளக் கனமே உள்ள மரச்சீவலை மடித்து, நீலத்தாளைப் பசை தடவிச் சுற்ற வேண்டும். கிழங்குமாவுப் பசை சுடச்சுட இருக்கும்போது சாப்பிடுகிற கூழ் மாதிரியே மணக்கும். பிள்ளைகள் வழித்துத் தின்றுவிடக்கூடாது என்று அதில் மயில்துத்தம் என்கிற நீல விஷ உப்பைக் கலந்து கொடுப்பார்கள். அந்த நீலம் விரல் நகத்துக்குள் போனால் லேசில் போகாது. நம் வகுப்பில் யார் வீட்டில் பெட்டி ஒட்டுகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் நகத்தைப் பார்த்தால் போதும். என் ஜாமென்ட்ரி பாக்ஸின் மூடிகூட பசை பட்டு, திறக்கும்போதெல்லாம் டப்பென்று சத்தம் போடும். அந்தப் பெட்டி எங்கே போனதோ.

பெட்டியை டஜன் டஜனாக அடுக்குவோம். பன்னிரண்டு டஜன் சேர்ந்தால் ஒரு குரோஸ். "ஒண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லி அதை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்ததை ஆரம்பிக்க வேண்டும். பேசிக்கொண்டே, பாட்டுக் கேட்டுக்கொண்டே, தூங்கி வழிந்துகொண்டே அந்த வேலை நடக்கும். கை தன்பாட்டுக்கு ஓடும். எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அவ்வளவு கூலி.

அந்த வருஷம் கணக்கு டீச்சர் புதிதாக வந்தார். காவிரிக்கரைப் பக்கத்து ஊர்க்காரர். வெள்ளை வெளேரென்று கஞ்சி போட்ட சேலை, கையில் எப்போதும் சிவப்புப் பேனா. முதல் மாதத் தேர்வில் பக்கம் பன்னிரண்டு சென்டிமீட்டர் உள்ள சதுரத்தின் பரப்பளவு கேட்டிருந்தார். நான் எல்லாரையும் முந்திக்கொண்டு பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் என் பேப்பரை எடுத்துத் தூக்கிப் பிடித்து டீச்சர் வாசித்தார்.

"பன்னிரண்டு பன்னிரண்டு, ஒன்று! இது எந்த ஊர் வாய்ப்பாடு?"

வகுப்பே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், இல்லையென்று சொல்லாதீர்கள். பாதிப்பேர் டீச்சர் சொன்ன விதத்துக்குச் சிரித்தீர்கள். நீல நகக்காரிகள் வேறு காரணத்துக்குச் சிரித்தீர்கள். பன்னிரண்டைப் பன்னிரண்டு தடவை அடுக்கினால் ஒன்றுதானே? என் கை குரோஸ் கட்டி ஓரமாகத் தள்ளிவிட்டது. இதை டீச்சருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். எனக்கு வாய்ப்பாடு தெரியவில்லை என்று அவர் முடிவு கட்டினார். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை இம்போசிஷன் எழுதச் சொன்னார். பதினாறு வரைக்கும் தலைகீழாகச் சொல்லுகிறவள் நான். எழுதிக் கொடுத்தேன். நல்லவர்தான். கணக்கை அருமையாக நடத்துவார். நோயைத் தப்பாகப் பிடித்துவிட்டார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு என் ஒவ்வொரு பேப்பரிலும் சிவப்பில் 'கவனம் போதாது' என்று வந்தது. வழிமுறை சரி, விடை தப்பு. கேள்வியில் எழுபத்தாறு, என் பேப்பரில் எழுபது. மூன்றாம் வரியில் இருந்த மைனஸ் நாலாம் வரியில் இல்லை. விடை சரியாக இருந்தால் யூனிட் இருக்காது. "கவனமா இரு, கவனமா இரு" என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருத்தியிடம் கவனமாக இரு என்பது நூறு வருஷம் நல்லா இரு என்பது மாதிரி. ஆசீர்வாதம் சரி, அதற்கு வழி?

என் பெஞ்சுக்காரி அப்படியில்லை. அவள் வீட்டிலும் பெட்டிதான் ஒட்டினார்கள். அவள் நகமும் நீலம்தான். ஆனால் அவள் பேப்பரில் ஒரு புள்ளி தப்பாக விழாது. விடைக்குக் கீழே இரண்டு கோடு போடுவாள். யூனிட்டை எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் வேறு. அதற்குக் கோலம் போடாததுதான் பாக்கி என்று நான் கேலி செய்வேன்.

அரையாண்டில் கணக்கில் நான் தட்டுத்தடுமாறிப் பாஸ். டீச்சர் அம்மாவை வரச் சொன்னார். அம்மா ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"இவளுக்குப் படிப்பு வருமா டீச்சரம்மா? பிளஸ் ஒன்னுல ஃபர்ஸ்ட் குரூப்புதான் வேணும், இஞ்சினியரு ஆவேன்னு நிக்கா."

"புத்தி இருக்கும்மா. கவனம்தான் இல்லை. கவனம் இல்லாத பொண்ணுக்கு ஃபர்ஸ்ட் குரூப் சரிப்படாது. எழுதி வச்ச மாதிரி சொல்றேன்."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். தெருமுக்குக் குழாயடிக்கு வந்ததும் நின்றாள்.

"கவனமில்லாதவன்னு சொல்லிட்டாக. அப்படிப்பட்டவள எங்கன அனுப்ப? எங்க கம்பெனிக்கு அனுப்ப முடியுமா? அங்க ஒருத்தி கவனம் பெசகுனா ரூம்புல இருக்க அம்புட்டுப் பேரும் போகணும்."

அவளுக்கு என்மேல் கோபம் என்று அன்று நினைத்தேன். அது பயம். டீச்சர் சொன்ன அந்தச் சொல் பள்ளிக்கூடத்தில் மார்க்கைக் குறிக்கும். அம்மா வேலை பார்த்த இடத்தில் அது உயிரைக் குறிக்கும். டீச்சருக்கு அது தெரிய நியாயமில்லை.

அன்றைக்கே ஏஜென்ட் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டாள். வீடு வீடாகப் பெட்டி வாங்குகிறவர் அவர். தீப்பெட்டி ஆபீசுக்கு, தொழிற்சாலையை அப்படித்தானே சொல்வோம், ஆள் சேர்த்துவிடுகிறவரும் அவர்தான். விடிவதற்கு முன்னால் தெருமுக்கில் வந்து ஹாரன் அடிக்கிற கம்பெனி பஸ்ஸில் எனக்கு ஒரு இடம்.

"திருப்புதல் பரீட்ச முடிஞ்சதும் டீச்சரம்மாட்ட இன்னொரு வாட்டி கேப்பேன்" என்றாள் அம்மா என்னிடம். "அதே வார்த்தைய சொன்னாகன்னா, பப்ளிக் பரீட்ச முடிஞ்ச மறுநாளே நீ பஸ்ஸுல ஏறணும். தீப்பெட்டி ஆபீசுன்னா எனக்கு அம்புட்டா நெஞ்சு பதறாது."

"வேற வார்த்தைய சொன்னா?"

"சொல்ல வையி. அப்பறம் பாப்போம்."

சொல்ல வைக்கிறேன் என்று அந்தக் குழாயடியில் முடிவு செய்தேன். பிடிவாதத்தில் நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். விரலில் நூல் கட்டிக்கொண்டேன். மெதுவாகப் போட்டால் தப்பு வராது என்று ஆமை மாதிரி போட்டுப் பார்த்தேன். அதே தப்புகளை மெதுவாகச் செய்தேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். இரண்டு தடவையும் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. எழுபது என்று எழுதியிருக்கும், கண் எழுபத்தாறு என்று வாசித்துக்கொண்டு போய்விடும். போட்டவளும் நான், பார்க்கிறவளும் நான். திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏஜென்ட் அண்ணாச்சி பெட்டி எடுக்க வந்தார். வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கோணல் மாணலாக ஒட்டிய பெட்டி இருந்தால் அந்த வீட்டு மூட்டையையே திருப்பிவிடுவார். அன்றைக்குப் பக்கத்து வீட்டு மூட்டை ரிட்டன். எங்கள் மூட்டையை அவிழ்க்காமலேயே தூக்கினார்.

"இந்த வீட்டுல பிரிச்சுப் பாக்க வேண்டாம் மதினி. ஒங்க மக பாத்த பெட்டி."

"அவ கையில ஒண்ணு தப்பாது" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆண்டவன் எந்த வேலைக்குப் படைச்சானோ அந்த வேலைதான் வரும்."

அவள் சொன்னதன் முதல் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் பாதியை அவளிடமே விட்டுவிட்டேன். என் பெட்டி திரும்பி வந்ததில்லை. என் கணக்கு திரும்பி வராமல் இருந்ததில்லை. இரண்டும் ஒரே கைதானே? அப்படியானால் பெட்டியில் செய்கிற எதையோ கணக்கில் செய்யாமல் விடுகிறேன். அது என்ன?

அடுத்த லீவு நாளில் பெட்டி ஒட்டும்போது என்னை நானே வேவு பார்த்தேன். ஒட்டும்போது நான் ஒன்றும் கவனமாக இல்லை. அரட்டை அடித்துக்கொண்டு, அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டுதான் ஒட்டினேன். கோணல் விழத்தான் செய்தது. ஆனால் ஒட்டி முடித்ததும் எழுந்து போய்ப் பசை போகக் கையைக் கழுவினேன். பெட்டிகளை வெயிலில் வரிசையாக வைத்தேன். பிறகு வரிசையின் வால் பக்கம் போய் உட்கார்ந்தேன். கடைசியாக ஒட்டிய பெட்டியிலிருந்து உள்ளங்கையைத் தடவிக்கொண்டே தலைப் பக்கம் வந்தேன். கோணல் பெட்டி கையில் முட்டும். எடுத்து எறிவேன்.

ஏன் வாலிலிருந்து? முடிக்கிற அவசரத்தில் ஒட்டியதெல்லாம் அங்கேதான் கிடக்கும். தலையிலிருந்து வந்தால், 'இது நான் ஒட்டினதுதானே' என்று கை நம்பிக்கொண்டே போகும். வாலிலிருந்து வந்தால் அது யாரோ ஒட்டிய பெட்டி. கையைக் கழுவியதும் நான் ஒட்டுகிறவள் இல்லை, பார்க்கிறவள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாளாவட்டத்தில் கை கண்டுபிடித்து வைத்திருந்தது. புத்தி அன்றைக்குத்தான் அதைப் பார்த்தது.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். கணக்கைப் போட்டு முடித்ததும் எழுந்துபோய்க் கையைக் கழுவினேன். திரும்பி வந்து விடையிலிருந்து மேலே ஏறினேன். பெருக்கிய இடத்தில் வகுத்து, கூட்டிய இடத்தில் கழித்து, கேள்வி வரைக்கும் போனேன். கேள்வியில் இருக்கிற எண் வந்து நின்றால் சரி. வேறு எண் வந்தால் நடுவில் ஒரு கோணல் பெட்டி இருக்கிறது. முதல் நாளே கை நிறையக் கோணல் பெட்டி. காணாமல் போன மைனஸ்கள் எல்லாம் திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி அகப்பட்டன.

"இவ கணக்குப் போடுதாளா, பூசை பண்ணுதாளா? கொடத்துத் தண்ணியப் பூராங் கைகழுவியே தீத்துட்டா!" என்று அம்மா கத்தினாள்.

பள்ளிக்கூடத்திலும் கழுவினேன். பெஞ்சுக்காரி கேட்டாள்: "ஏடி, ஒன் கணக்குல அப்படி என்ன மீனா அறுக்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "சரிதான். ஆனா கடைசியில யூனிட்ட மறந்துராத. வாலுல மொதப் பெட்டி அதான்" என்றாள். அதை அன்றைக்கே சேர்த்துக்கொண்டேன்.

திருப்புதல் தேர்வில் பேப்பரைக் கடைசியாகக் கொடுத்தவள் நான். மணியடித்த பிறகும் பிடுங்கித்தான் வாங்கினார்கள். மார்க் வந்தது. பெஞ்சுக்காரி வகுப்பில் முதல். அவளுக்கு அடுத்தது நான். டீச்சர் என் பேப்பரையும் அவள் பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அம்மாவை வரச் சொன்னார்.

அம்மா வகுப்பு வாசலில் நின்றாள். டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. "இந்த மார்க் இவளோடதுதானான்னு எனக்குத் தெரியணும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யாருன்னு நீங்களே பாருங்க. போர்டில் ஒரு கணக்குப் போடட்டும்" என்றார். அம்மா முகம் வெளுத்துவிட்டது. அழக்கூடாது என்று எழுந்து போர்டுக்குப் போனேன். அழுதால் எண் தெரியாது.

ஒரு கூம்பு. ஆரம் பன்னிரண்டு சென்டிமீட்டர், உயரம் ஏழு. கன அளவு என்ன? நம் ஊர்ப் பிள்ளைக்குக் கூம்பு என்றால் பூச்சட்டி, அதாவது புஸ்வாணம். சாக்பீசை எடுத்தேன். மளமளவென்று போட்டேன். விடை இருபத்திரண்டின் கீழ் மூன்று. அதாவது ஏழேகால் சொச்சம்.

பின்னால் சில பேர் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. டீச்சர் சிவப்பு சாக்பீசைக் கையில் எடுத்துவிட்டார்.

"முடிச்சாச்சா?"

"இல்ல டீச்சர். போட்டுட்டேன். இன்னும் பாக்கல."

சாக்பீசை வைத்துவிட்டு வகுப்பைவிட்டு வெளியே நடந்தேன். டீச்சர் திகைத்துப் போனார். வாசலில் நின்ற அம்மாவைத் தாண்டி, வராந்தாப் பானையில் தண்ணீர் மொண்டு கையைக் கழுவினேன். பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். இந்தத் தடவை போர்டின் அடிக்கோடியில் போய் நின்றேன்.

முதலில் யூனிட். இல்லை. கன சென்டிமீட்டர் என்று எழுதினேன். ஏழேகால் கன சென்டிமீட்டர் என்றால் ஒரு தீப்பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். தாம்பாளம் அகலத்தில் அடி இருக்கிற பூச்சட்டி தீப்பெட்டிக்குள் போகுமா? விடையிலிருந்து மேலே ஏறினேன். மூன்றால் பெருக்கினேன், இருபத்திரண்டின் கீழ் ஏழால் வகுத்தேன், உயரத்தால் வகுத்தேன். ஆரத்தின் வர்க்கம் ஒன்று என்று வந்து நின்றது. கேள்வியில் ஆரம் பன்னிரண்டு.

அதே ஒன்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போர்டைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். அதை அழித்துவிட்டு நூற்று நாற்பத்து நான்கு என்று எழுதினேன். விடையை மாற்றினேன். ஆயிரத்து ஐம்பத்தாறு கன சென்டிமீட்டர்.

"அங்கே ஏன் ஒன்று போட்டாய்?" டீச்சர் குரலில் இப்போது கோபம் இல்லை.

"ஒரு குரோஸ் டீச்சர்."

வகுப்பு சிரித்தது. அது என்ன என்று டீச்சர் கேட்க, பெஞ்சுக்காரி எழுந்து நின்று விளக்கினாள். டீச்சர் நம் விரல்களை வரிசையாகப் பார்த்தார், முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி. சிவப்பு சாக்பீசை டப்பாவில் போட்டார்.

அம்மாவுக்குப் போர்டில் இருந்தது ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் நான் கையைக் கழுவியதையும், கடைக்கோடியிலிருந்து ஆரம்பித்ததையும் பார்த்துவிட்டாள். கூச்சத்தை மறந்து வாசலிலிருந்து சத்தமாகச் சொன்னாள்:

"டீச்சரம்மா, இவ கவனமில்லாதவ இல்ல. இவ பெட்டி பாக்குறவ!"

டீச்சர் சிரித்துவிட்டார். "ஃபர்ஸ்ட் குரூப்பிலேயே சேருங்கம்மா" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் ஏஜென்ட் அண்ணாச்சி வந்தபோது, "அந்த எடத்துக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க அண்ணாச்சி" என்று அம்மா சொன்னாள். அவள் அப்படி நிமிர்ந்து நின்று அதுவரை நான் பார்த்ததில்லை.

பிறகு நான் படித்ததும், பாலங்களுக்கு வரைபடம் சரிபார்க்கிற வேலையில் முடி நரைத்ததும் உங்களுக்குத் தெரியும். கடைசித் தாளிலிருந்துதான் பார்ப்பேன். ஆபீசில் என்னைக் கைகழுவுகிற அம்மா என்பார்கள்.

கதை அதோடு முடிந்தது என்றால் எனக்கு நேற்று கோபம் வந்திருக்காது. பஸ்ஸில் ஒரு இடம் காலியானால் ஏஜென்ட் அதைச் சும்மா விடுவாரா? பப்ளிக் பரீட்சை முடிந்த மறுநாள் விடியுமுன் ஹாரன் கேட்டது. குடத்தோடு குழாயடியில் நின்றிருந்தேன். பஸ் ஜன்னலில் என் பெஞ்சுக்காரி உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை, மடியில் தூக்குவாளி. அவள் பேப்பரில் தப்பே இருந்ததில்லை. அதனால் அவள் வீட்டாரைப் பள்ளிக்கூடத்துக்கு யாரும் கூப்பிட்டதே இல்லை. இந்தப் பிள்ளைக்குப் படிப்பு வருமா என்று யாரும் கேட்கவில்லை, வரும் என்று யாரும் சொல்லவுமில்லை. நாம் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

இனி உன்னிடமே பேசுகிறேன். பஸ் கிளம்பும்போது நீ தலையை வெளியே நீட்டிக் கத்தினாய், ஞாபகம் இருக்கிறதா? "ஏடி, ஃபர்ஸ்ட் குரூப்புல போயி யூனிட் போட மறந்துராத!" அன்றிலிருந்து இன்றுவரை நான் யூனிட் இல்லாமல் ஒரு எண் எழுதியதில்லை. பாலம் கட்டுகிற இடத்தில் அதற்கு என்ன பெறுமதி என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

உன் வம்சத்துக்கா கவனம் பத்தாது? இன்னொரு தடவை அப்படிச் சொன்னால் குரூப்பிலிருந்து உன்னைத் தூக்கிவிடுவேன், நான்தான் அட்மின். வருகிற சனிக்கிழமை பேத்தியைப் பஸ் ஏற்றி என் வீட்டுக்கு அனுப்பு. தப்பாய்ப் போன பேப்பரையெல்லாம் கொண்டுவரச் சொல். நீயும் கூட வா. அவள் கணக்குப் போடட்டும், நாம் இரண்டுபேரும் கையைக் கழுவிவிட்டு வாலிலிருந்து பார்ப்போம்.